முதலாண்டு அரியரும் மருத்துவப் படிப்பும்: எது கணக்கில் வரும், எது வராது

கல்லூரி முதலாண்டில் நோயால் விழுந்த அரியர்கள் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் குறைப்பதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் விலங்கியல் கற்பித்துவரும் இத்தனை ஆண்டுகளில், டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெங்கு, காசநோய் என்று ஏதோ ஒன்றுக்கு ஒரு பருவத்தைப் பறிகொடுத்துவிட்டு, டாக்டர் ஆசையைத் தாமாகவே மூட்டை கட்டி வைத்துவிடும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருவராவது பார்த்துவிடுகிறேன். அவர்களில் பலர் போட்டிருப்பது தப்புக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது, நம் ஊரில் உண்மையில் எது கணக்கில் வருகிறது என்பதை விளக்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, பி.எஸ்சி. முதல் பருவத்து மதிப்பெண் பட்டியலுடன் தாயையும் அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். பட்டியலை நான்காக மடித்து மாத்திரைச் சீட்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். ஐந்து தாள்களில் இரண்டில் ஆப்சென்ட், ஒன்றில் தோல்வி. "ரெண்டாவது தடவ நீட் எழுதுவான்னு இருந்தோம் மேடம். இந்தப் பட்டியலப் பாத்தா இனி எங்கயும் சேக்க மாட்டாங்களாம்லா?" என்று தாய் கேட்டார். யார் சொன்னது என்று கேட்டபோது, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் தன் மாமன் மகள் சொன்னதாக அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அங்கே பிறந்து வளர்ந்த மாமன் மகளும் கல்லூரி முதலாண்டில் குடல்நோய் வந்து படுத்தவள். அவளும் மருத்துவம் படிக்க விரும்புகிறவள். ஜி.பி.ஏ. என்னும் கல்லூரி மதிப்பெண் சராசரி விழுந்துவிட்டால் அதை மேலே தூக்குவது எவ்வளவு கடினம் என்று அவள் சொன்னது அவளுடைய நாட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. வாட்ஸ்அப் வழியாக அது வீரவநல்லூர் வந்து சேர்ந்தபோதுதான் பொய்யாகிவிட்டது.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. பிளஸ் டூ முடித்த கையோடு யாரும் அங்கே நேராக நுழைவது வழக்கமில்லை. நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்து, எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வை எழுதி, அதன் பிறகே விண்ணப்பிக்கிறார்கள். சேர்கிறவர்களின் சராசரி வயது 24 ஆக இருப்பது இதனால்தான். எம்கேட் மதிப்பெண் 472இலிருந்து 528 வரை அமையும். அதற்குச் சமமான எடையோடு, சில இடங்களில் அதைவிடக் கூடுதலாகவும், கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ. பார்க்கப்படுகிறது. நான்குக்குக் கணக்கிடப்படும் இந்தச் சராசரி, அண்மை ஆண்டுகளில் அங்கே இடம் பெற்றவர்களுக்கு 3.7க்கும் மேலாக இருந்திருக்கிறது. விண்ணப்பங்களைத் தொகுக்கும் பொது அமைப்பு, ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினாலும் பழையதை நீக்குவதில்லை, இரண்டையும் சேர்த்தே சராசரி எடுக்கிறது.

அந்தச் சராசரியின் சுமையைக் காட்டுவதற்காக அன்று ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலாண்டில் 30 கிரெடிட்டுக்கு ஒரு மாணவி நோயோடு போராடி 2.0 வாங்குகிறாள் என்று கொள்வோம். உடல் தேறிய பிறகு அடுத்த மூன்றாண்டுகளில் 90 கிரெடிட்டுக்கும் 3.9 வாங்குகிறாள், அது ஏறத்தாழ எல்லாப் பாடத்திலும் மிக உயர்ந்த கிரேடு வாங்குவதற்குச் சமம். அப்படியும் நான்காண்டு முடிவில் அவளுடைய சராசரி 3.43ஐத் தாண்டாது. ஓராண்டு நோய் மூன்றாண்டு உழைப்பைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. இதனால்தான் அங்குள்ள மாணவர்கள் நோய்வாய்ப்பட்டவுடன் தேர்வு எழுதித் தோற்பதைவிட மருத்துவக் காரணம் காட்டிப் பாடத்திலிருந்து விலகிக்கொள்ளப் பார்க்கிறார்கள்; பட்டம் முடித்த பிறகும் ஓரிரு ஆண்டு அறிவியல் பாடங்களை மட்டும் படித்துத் தேறியதைக் காட்டுகிறார்கள்; விண்ணப்பக் கட்டுரையில் நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது, எவ்வளவு விடுவது என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். மாமன் மகளுக்கு இந்த அறிவுரைகளெல்லாம் பொருந்தும். இங்கிருந்து போய் அங்கே மருத்துவம் படிக்க நினைக்கும் வெளிநாட்டு மாணவர்களை அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகள் எடுப்பதே இல்லை என்பதால், நம் பிள்ளைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

நம் நாட்டில் கதவு வேறு இடத்தில் இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எல்லாவற்றையும் முடிவு செய்வது நீட் மதிப்பெண் ஒன்றுதான். இடையில் நீங்கள் பி.எஸ்சி. படித்தீர்களா, அதில் எத்தனை அரியர், எந்தப் பருவத்தில் வருகைப்பதிவு குறைந்தது என்று தரவரிசைப் பட்டியல் கேட்பதில்லை. எத்தனை முறை நீட் எழுதலாம் என்பதற்கு இப்போது வரம்பு இல்லை. முன்பு இருந்த 25 வயது உச்சவரம்பும் 2022ஆம் ஆண்டு நீக்கப்பட்டுவிட்டது. இந்தக் கடைசிச் செய்தி நம் கிராமங்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. வயது போய்விட்டது என்று 22 வயதுப் பெண்ணின் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கும் கருத்து உண்டு. கோச்சிங்குக்குப் பணம் கட்டி மூன்று முறை எழுத முடிகிறவனுக்கும், ஒரே முறை எழுதிவிட்டு வேலைக்குப் போகவேண்டியவளுக்கும் இடையிலான தூரத்தை அது கூட்டியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் நோயுற்ற மாணவியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2007இலிருந்து 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்த காலத்தில், மார்ச் மாதத்துப் பொதுத்தேர்வு நேரத்தில் அம்மை போட்டுப் படுத்த பிள்ளை அந்த மதிப்பெண்ணையே வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது. இப்போது அடுத்த ஆண்டும் மே மாதத்தில் நீட் வருகிறது.

வருகிறது என்பதால் எளிது என்று பொருளில்லை. 2025இல் நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினார்கள், 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குச் சற்று மேல்தான், அவற்றில் ஏறத்தாழப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள். அதில் 15 விழுக்காடு, அதாவது முப்பத்தேழு முப்பத்தெட்டு இடங்கள், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். தூத்துக்குடியில் 150, கன்னியாகுமரி மாவட்டத்து ஆசாரிபள்ளத்தில் 150. தென்காசியை 2019 நவம்பரில் தனி மாவட்டமாக்கினார்கள், அங்கே இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தரவரிசைப்படி நிரப்பப்படுவதால், ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி இருப்பதால் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பற்றி இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெல்லைச் சீமையில் இதில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே இது உரியது. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் மிஷன் பள்ளிகளும் மற்ற அரசு உதவி பெறும் பள்ளிகளும் நூறாண்டுக்கும் மேலாக ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்து வருகின்றன. அங்கே படித்த பிள்ளையின் வீட்டு நிலைமை அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டு நிலைமையைவிட எந்த வகையிலும் மேலானதாக இருப்பதில்லை. ஆனாலும் உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டுக்குள் வராது. அது நியாயமில்லை என்பது என் எண்ணம். என்றாலும் விதி அதுதான் என்று தெரிந்துகொண்டுதான் கட்-ஆஃப் கணக்கைப் போட வேண்டும்.

இனி நோய் உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். அந்த மாணவிக்கு வந்தது கழுத்து நிணநீர்க் கணுக்களில் காசநோய். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, மாலையானால் காய்ச்சல், மூன்று மாதத்தில் எட்டு கிலோ எடை குறைவு. ஊசியால் உறிஞ்சிச் சோதித்து நோய் உறுதியாவதற்குள்ளேயே முதல் பருவம் பாதி போயிருந்தது. சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 43 கிலோ இருந்த அவளுக்குத் தினம் மூன்று. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து இரத்தம் என்று நினைத்துத் தாயும் மகளும் இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கிய தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்டது. முதல் இரண்டு மாதக் குமட்டலையும் சோர்வையும் தாண்டிவிட்டால் பெரும்பாலோர்க்கு உடம்பு தெளிந்துவிடுகிறது. முழுமையாகக் குணமான காசநோய் மருத்துவப் படிப்பில் சேர எந்தத் தடையும் இல்லை.

அவளுடைய படிப்பைக் கெடுத்ததில் நோய்க்குப் பாதிப் பங்கு என்றால், மறைத்ததற்கு மறுபாதிப் பங்கு. கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. உடம்பு இடம் கொடுத்த நாட்களில் அவள் வகுப்புக்கு வந்திருக்கலாம். ஆனால் ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தில் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கல்லூரிக்குக் கொடுப்பதற்குப் பக்கத்துத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போய், "காய்ச்சல்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்று கேட்டு, பத்து நாள் ஓய்வு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பருவத்துக்குப் பொதுவாக 90 வேலை நாள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால் 22 நாள்வரைதான் விட முடியும். அதற்குக் கீழே சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, கட்டணமும் கட்டி, குறைந்த வருகையைப் பொறுத்துக்கொள்ளும் கண்டோனேஷன் வாங்கலாம். பத்து நாள் காய்ச்சல் சான்றிதழ் நாற்பது நாள் விடுப்பை எப்படித் தாங்கும்? உண்மையான சான்றிதழ் கையில் இருந்திருந்தால் கல்லூரியிடம் பேசி அந்தப் பருவத்தைத் தள்ளிவைத்திருக்கலாம். வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவள் வராத நாட்களில் ஒரு முறை போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் செய்யவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றால் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே காட்டுவதற்குக் கட்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை வசதிகளில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. மனநல மருத்துவர் எழுதித்தரும் சான்றிதழைக் கல்லூரிகளும் குறைவாக மதிக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காலத்தையும் உடம்பையும் எப்படிப் பங்கிடுவது என்பதில் என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. மாத்திரை முடியும் வரை நீட் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. இது இரக்கத்தால் சொல்வதில்லை, 180 நிமிடத்தில் 180 கேள்விகளுக்கு விடை எழுதும் தேர்வின் இயல்பை அறிந்து சொல்வது. ஒவ்வொரு சரியான விடைக்கும் நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. சோர்ந்த மூளை கடைசி ஒரு மணி நேரத்தில் செய்யும் பிழைகள் முதலில் சேர்த்ததையும் தின்றுவிடும். உடம்பு தேறிய பிறகு, விலங்கியல் மாணவிக்கு உயிரியலில் கிடைக்கும் சாதகத்தை அதிகமாக நம்பிவிடக் கூடாது. மொத்தம் 720இல் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. நம் பிள்ளைகள் உயிரியலில் 300ஐத் தொட்டுவிடுகிறார்கள், கவிழ்வது இயற்பியலில். பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்த பிறகு இயற்பியலைத் தொடாமல் ஓராண்டு கழிந்துவிடுவதால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. அதனால் தேறிய மாணவியிடம் நான் முதலில் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத்தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்த வினாத்தாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டப்படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாக நீட்டுக்குப் படிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு விட வேண்டாம் என்பதே என் பதில். அரியர்களை இரண்டு பருவங்களில் பிரித்து எழுதி முடித்துவிடலாம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு உதவாத அந்தப் பட்டம், இடம் கிடைக்காமல் போனால் எம்.எஸ்சி.க்கும் பி.எட்.டுக்கும் ஆய்வகத் துறைக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் உதவும். அங்கெல்லாம் கல்லூரி மதிப்பெண்தான் பேசும். நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்கு, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பி ஆண்டு முழுக்க வீட்டில் உட்காருவது மறுபடி ஒரு நோயைக் கொண்டுவரக்கூடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. விலகித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், டி.சி.யையும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழையும் முதலில் கைக்கு வாங்கிவிட வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருந்தும், கவுன்சலிங்குக்கு முந்தின நாள் அதற்காக அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைவெளியில் வந்து நுழைகிறவர்கள் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு முகவர்கள். நோயால் ஓராண்டு இழந்த வீட்டுக்கு, "மார்க்கே பாக்க மாட்டாங்க, உடனே சேரலாம்" என்ற பேச்சு மருந்துபோல் இருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே தொழில் செய்யவும் நீட் தகுதி வேண்டும் என்பதையும், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நாட்டில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும், திரும்பி வந்து இங்கே மேலும் ஓராண்டுப் பயிற்சியும் வேண்டும் என்பதையும் முகவர் முதல் சந்திப்பில் சொல்வதில்லை. திரும்பியவர்கள் எழுத வேண்டிய தகுதித் தேர்வில் அண்மை ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தேறியிருக்கிறார்கள். இதில் உடல்நிலையும் சேர்ந்துகொள்கிறது: ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு எழுந்த பிள்ளையை, கடும் பனி பெய்யும் ஊரில் தனியாக விடுவதற்கு முன் அவளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நிலம் விற்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

அன்று அந்தத் தாயிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, இது நீட் விண்ணப்பத்தில் எங்கேயும் கேட்கப்படாது என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு முறை அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மகள் ஒன்றும் பேசாமல் பிளாஸ்டிக் கவரிலிருந்த மாத்திரைச் சீட்டுகளை ஒரு பக்கமும் பட்டியலை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்தாள்.

மாத்திரை முடிந்து இப்போது அவள் எடை 49 கிலோ. நவம்பரில் இரண்டு அரியர் எழுதப் பதிந்திருக்கிறாள். மூன்றாவதை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தோம். சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் இயற்பியல் கணக்குகளோடு உட்காருகிறாள், எங்கள் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மாதம் இருமுறை வந்து பார்க்கிறார். பருவத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் வரும், நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. தேர்வு அட்டவணை வந்ததும் இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் கிடைக்கிறது என்று பார்த்து, தேவையானால் அந்த மூன்றாவது அரியரை அடுத்த நவம்பருக்கு விட்டுவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.